வியாழக்கிழமை வர்ற டாக்டரம்மா

வலிக்காதுங்க தம்பி. அதை மொதல்ல சொல்லிடறேன். ஊசி கீசி கெடையாது, எக்ஸ்ரே மாதிரி கதிரு கிதிரும் கெடையாது. பஸ் ஏறுனதுல இருந்து அந்தக் கவருக்குள்ள இருக்கற சீட்டை எடுத்து எடுத்துப் படிக்கறீங்க. முன்னால லேடீஸ் சீட்ல உக்காந்திருக்கற அந்தப் புள்ளைய எட்டி எட்டிப் பாக்கறீங்க. உங்க வீட்டு அம்மிணிதானுங்களே? தப்பா நெனைச்சுக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கறதுனால கண்ணுல பட்டுருச்சு. மார்புக்கு டாப்ளர் ஸ்கேன்னு எழுதியிருக்குது. அதைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்குப் பல்லடத்துல வேற எந்த ஆம்பளைக்கும் தெரியாதுங்க. நான் உள்ளயே நின்னு பாத்தவன்.

கேட்டுக்குங்க. போறப்ப பவுடரு, சென்ட்டு ஒன்னும் மேல போடக் கூடாது. முன்னால தொறக்கற மாதிரி ஒரு கவுன் குடுப்பாங்க. கட்டில்ல படுக்க வெச்சு, ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கிக்கச் சொல்லுவாங்க. அப்பறம் ஒரு பசையைத் தடவுவாங்க. ஐஸ் மாதிரி இருக்கும், அதுக்குத்தான் ஒடம்பு சித்தே தூக்கிப் போடும். அதுக்கு மேல சோப்புக்கட்டி அளவுல ஒரு கருவிய வெச்சு உருட்டுவாங்க. மொதல்ல கறுப்பு வெள்ளையில தெரியும். கட்டி எங்க இருக்குது, எத்தனை பெருசுன்னு. பொறகு ஒரு பொத்தானைத் தட்டுனா செவப்பும் நீலமுமாக் கலர் வரும். அதுதான் டாப்ளரு. ரத்தம் எங்க ஓடுது, கட்டிக்குள்ள போகுதா வெளிய சுத்திப் போகுதான்னு பாக்கறது. அப்பப்ப புஸ்சு புஸ்சுன்னு ஒரு சத்தம் வரும். அந்த நேரத்துக்குப் பேசாம அசையாமப் படுத்திருக்கோணும். அக்குள்ளயும் பாப்பாங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சுரும். தொடைச்சுட்டு எந்திரிச்சு வந்தரலாம்.

ஆனா ஒன்னு. போன ஒடனே கேட்டுக்கோணும், பாக்கற டாக்டர் ஆம்பளையா பொம்பளையான்னு. அங்கதானுங்க என்ற குடும்பம் கெட்டுச்சு.

என்ற பேரு சென்னியப்பன். கோழித் தீவனம் ஏஜென்சி வெச்சிருக்கறேன். வீட்ல கலாமணி. ஒரே புள்ள, பிரதீபா, கோயமுத்தூர்ல ஆடிட்டர் ஆபீசுல வேலை. கலாமணி பொள்ளாச்சிக்காரி. குத்தம் சொல்ல முடியாதுங்க, அடக்கமானவ. ஆரு வந்தாலும் மாராப்பைச் சரி பண்ணிக்கிட்டுத்தான் வாசலுக்கு வருவா. அதைப் பாத்துத்தான் எங்கம்மா அவளை எனக்குக் கட்டி வெச்சாங்க.

போன ஆடியில ஒரு நாள், ஏனுங்க, குளிக்கறப்ப கையில ஒன்னு தட்டுப்படுதுங்கன்னா. சூட்டுக்கட்டியா இருக்கும், வெளக்கெண்ணெய் போடுன்னேன். போட்டா. பொறகு மறுபடி சொன்னா. இதையெல்லாம் ஆருகிட்டயும் சொல்லிட்டுத் திரியாதேன்னேன். மூனாவது தடவ என்னையக் கேக்கவே இல்லை. தெரு முனையில இருக்கற லேடி டாக்டர்கிட்டப் போயி அவளாவே காட்டிட்டு வந்து, ஸ்கேன் எழுதியிருக்காங்கன்னு சீட்டை நீட்டுனா. அப்பவும் நான் கோவிச்சுக்கலை. கடையை விட்டுட்டு, பஸ் ஏறித் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போனேன். கூட்டிட்டுப் போனதே நான்தானுங்க. அதை இன்னிக்கு ஆரும் சொல்லறதில்லை.

அங்க போயிக் கேட்டா ஆம்பளை டாக்டர். டாக்டரம்மா வியாழக்கிழமைதான் வருவாங்களாம். அப்ப வியாழக்கிழமையே வரலாம் வான்னேன். அவ நகரலை. "இத்தனை தூரம் வந்துட்டமுங்க, பாத்தறலாமுங்க"ங்கறா. அவ இப்படி எதுத்து நின்னு நான் பாத்ததில்லை. சரி, நான் உள்ள நிப்பேன்னு சொன்னேன். துணைக்கு நர்சம்மா இருக்காங்கன்னாங்க. இருக்கட்டும், நானும் இருப்பேன்னேன். விட்டாங்க.

டாக்டரு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மரியாதையாத்தான் பேசுனாப்ல. "அம்மா, இப்பப் பசை வெக்கறேன், சில்லுன்னு இருக்கும். அம்மா, இப்பக் கலர் போடறேன், மூச்சைக் கொஞ்சம் நிறுத்துங்க." ஒவ்வொன்னையும் சொல்லிச் சொல்லித்தான் பண்ணுனாப்ல. நர்சம்மா அந்தப் பக்கம் நிக்கறாங்க. கலாமணி செவுத்தைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. திரை என்ற கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு. செவப்பு வந்துச்சு, நீலம் வந்துச்சு. அதுல என்னன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாதுங்க. நான் பாத்துக்கிட்டிருந்தது அந்தாளு கையை.

ஒரே எடத்துல போகுது கை. திலும்பத் திலும்ப அதே எடம். வேற எடத்துக்குப் போகுது, மறுபடி அங்கயே வருது. புஸ்சு புஸ்சுன்னு சத்தம் வேற. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். "ஏனுங்க, எத்தனை தடவைதான் அங்கயே பாப்பீங்க"ன்னு கேட்டேன். அந்தாளு திரையில இருந்து கண்ணை எடுக்காம, "இங்க ரத்த ஓட்டம் அதிகமாத் தெரியுதுங்க. அளந்து முடிச்சுக்கறேன். நீங்க சித்தே வெளிய உக்காருங்க"ன்னாப்ல.

என்னைய வெளிய உக்காரச் சொல்றாப்ல. நீங்களே சொல்லுங்க, எந்தப் புருசன் உக்காருவான்?

போர்வையை இழுத்து அவ மேல போட்டேன். எந்திரின்னேன். அவ கண்ணைத் தொறந்து, "இருங்க, முடியட்டுமுங்க"ன்னா. எந்திரிடின்னேன். நர்சம்மா குறுக்க வந்தாங்க, பசையவாச்சும் தொடைச்சுக்கட்டும்னு. தொடைக்கறதுக்கெல்லாம் நான் உடலை. கையைப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டேன். படிக்கட்டு வரைக்கும் பின்னாலயே வந்தாப்ல அந்த டாக்டரு. "ஐயா, கோவம் எம்மேல இருந்துட்டுப் போகட்டும். இவங்களை அப்படியே விட்டராதீங்க. வேற எடத்துல லேடி டாக்டர் கிட்டயாவது காட்டுங்க. நாள் கடத்தாதீங்க"ன்னாப்ல. பயந்துட்டாப்லீங்க. நான் புகார் குடுத்துருவேன்னு பயம். இல்லாட்டி எதுக்கு ஒரு டாக்டரு படிக்கட்டுக்கு எறங்கி வரோணும்?

பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம். பசை ஜாக்கெட்டுல ஊறி ஈரமாத் தெரியுது. போறவன் வாறவன் பாக்கறான். அவ முந்தானையை இழுத்து ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிக்கறா. நான் சொன்னேன்: "இப்ப என்னத்துக்கு மூடற? உள்ள கையைத் தூக்கிக்கிட்டுப் படுத்திருந்தியே, அப்ப எங்க போச்சு?" பல்லடம் வந்து சேர்ற வரைக்கும் முந்தானையில இருந்து கையை எடுக்கலை. வீட்டுக்கு வந்து குளிச்சா. வெகு நேரம் குளிச்சா.

அதுக்கப்பறம் நான் கடை மாடியில படுத்துக்கிட்டேன். மனசு ஒப்பலைங்க. அவ கையில தண்ணி வாங்கிக் குடிக்கறதுக்கே கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருந்துச்சு. சொம்பை அங்க வெச்சுட்டுப் போன்னுவேன். வெச்சுட்டுப் போவா. நான் அடிக்கலைங்க, திட்டலைங்க. ஊர்ல மத்தவனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்னு உங்களுக்கே தெரியும்.

வியாழக்கிழமை டாக்டரம்மாகிட்டப் போலாம்னு நானேதான் சொன்னேன். மறுக்கலைங்க. அந்த வியாழக்கிழமை குஞ்சு எறக்கற பண்ணைக்காரங்க வந்துட்டாங்க. அடுத்த வியாழக்கிழமை மழை. அவ காலைல குளிச்சு, சேலை கட்டி, வாசப்படியில உக்காந்திருப்பா. நான் கடையில இருந்து சாப்பிட வந்து, இன்னிக்கு ஆகாது கலாமணின்னா, எந்திரிச்சுப் போயிச் சேலைய மாத்திக்கிட்டுச் சோறு போடுவா. புரட்டாசியெல்லாம் அப்படித்தான் போச்சு. அப்பறம் தீபாவளி யாவாரம். தீபாவளிக்கு அப்பறம் அவ கேக்கறதே இல்லை. வியாழக்கிழமை வந்தாலும் பழைய சேலையிலயே இருந்தா. கட்டி கரைஞ்சிருச்சு போலன்னு நானும் விட்டுட்டேன். இருந்தாக் கேப்பாள்ல?

நடுவுல என்ற தங்கச்சி சரசு வீட்டு விருந்து ஒன்னு. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் உக்காந்திருக்கறாங்க. பேச்சோட பேச்சா இந்த ஸ்கேன் கதைய நான் சொன்னேன். சிரிக்கத்தானுங்க சொன்னேன். டாக்டரு படிக்கட்டுல எறங்கி வந்ததை நடிச்சே காட்டுனேன், எல்லாரும் சிரிச்சாங்க. கலாமணி பந்தியில ரசம் ஊத்திக்கிட்டிருந்தா. எங்க பெரியம்மா ஒருத்தங்க, கெழவி, அவளைப் பக்கத்துல இழுத்து, "எந்தப் பக்கம் கண்ணு?"ன்னு கையை வெச்சே கேட்டுப்போட்டாங்க. அத்தனை பேருக்கும் முன்னால. ரசக் கிண்ணியக் கீழ வெச்சுட்டு வெளிய போயி நின்னுக்கிட்டா. பெரியவங்க கேட்டா எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு ஒரு மொகத்தைத் தூக்கி வெச்சுக்கறதா?

கார்த்திகையில ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். சோறு, கொழம்பு, பொரியல், மூடி வெச்சிருக்குது. ஆளைக் காணோம். பக்கத்து வீட்ல கேட்டா, அவ தம்பி நந்தகோபால் கார்ல வந்து கூட்டிட்டுப் போனான்னாங்க. போன் அடிச்சேன், எடுக்கலை. சரி, அம்மா வீட்டு நெனப்பு வந்திருக்கும், நாலு நாள்ல வருவான்னு விட்டுட்டேன். நான் ஒன்னும் தேடிக்கிட்டு ஓடலை. ஓடுனா எளக்காரமாயிரும்.

அப்பறந்தான் பிரதீபா போன் பண்ணுனா. "அப்பா, அம்மாவுக்கு ஆபரேசன் முடிஞ்சிருச்சு"ங்கறா. என்ன ஆபரேசன்னேன். சொன்னா. மறுபடி ஸ்கேன் எடுத்திருக்காங்க, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்திருக்காங்க, ஒரு பக்கத்தையே எடுத்துட்டாங்க. அக்குள் வரைக்கும் பரவிருச்சாம். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லீங்க. கல்லுத்தூணாட்டம் புருசன் உசுரோட இருக்கறேன். கையெழுத்துப் போட்டவன் அவ தம்பி.

ஆஸ்பத்திரிக்குப் போயி நந்தகோபாலைக் கேட்டேன், ஆரைக் கேட்டு அறுத்தீங்கன்னு. அவன் என்னையப் பாத்தான். "மாமா, அக்காவக் கேட்டு"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் சத்தம் போட்டேன். வார்டுல இருந்த நர்சு வந்து என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க. அங்கயும் வெளிய.

பொறகு மருந்து ஏத்துனாங்களாம், முடியெல்லாம் கொட்டிருச்சாம். பொள்ளாச்சியில தம்பி வீட்லயேதான் இருந்தா. ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது? அப்பத் தையில சரசு மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. நான் தாய்மாமன். தாய்மாமனும் அத்தையும் சோடியா மேடையில நின்னு சீர் செய்யோணும். நான் ரோசனை பண்ணுனேன். நடந்தது நடந்து போச்சு, மன்னிச்சுக் கூட்டிட்டு வந்தறலாம்னு முடிவு பண்ணுனேன். ஒரு பக்கம் இல்லை, தலையில முடி இல்லை. இருந்தாலும் வான்னு சொல்றதுக்கு எத்தனை பேருக்குங்க மனசு வரும்?

வெறுங்கையோட போகலை. அரக்குக் கலர்ல ஒரு பட்டுச்சேலை எடுத்தேன். கழுத்து ஏத்தி வெச்சு ஜாக்கெட்டும் தெச்சேன், ஆருக்கும் ஒன்னும் தெரியாத மாதிரி. அளவுக்கு அவ பழைய ஜாக்கெட்டை எடுத்துக் குடுத்தேன். டெய்லர் கச்சிதமாத் தெச்சிருந்தாப்ல.

பொள்ளாச்சியில வாங்கன்னாங்க. எலை போட்டுச் சாப்பாடு போட்டாங்க. கலாமணியும் வந்து, வாங்கன்னா. ஆரோ வேத்து ஆளைக் கூப்பிடறாப்புல. நைட்டி போட்டு மேல ஒரு துண்டு. தலையில ஒன்னும் கட்டலை, மொட்டையா அப்படியே வந்து எதுத்தாப்புல உக்காந்தா. நான் கல்யாணத்தைப் பத்திச் சொன்னேன். சேலையைக் குடுத்தேன். ஜாக்கெட்டை விரிச்சுப் பாத்தா. தட்டித் தட்டிப் பாத்தா. அப்பறம் மடிச்சு வெச்சுட்டுத் தம்பியக் கூப்பிட்டு, "நந்து, சித்தே வெளிய இரு"ன்னா. தம்பி பொண்டாட்டி மட்டும் நின்னா. கலாமணி கதவைச் சாத்தச் சொன்னா.

துண்டை எடுத்துட்டா. நைட்டி பித்தானையும் அவிழ்த்துட்டா.

"அந்த டாக்டரு பாத்தாரு. பொறகு இன்னொரு டாக்டரு பாத்தாரு, அவரும் ஆம்பளைதான். நர்சுக பாத்தாங்க. பாக்கக் கூடாதவங்க எல்லாரும் பாத்துட்டாங்க. எனக்குத்தான் உரிமைன்னு சண்டை போட்டவரு நீங்க ஒருத்தரு. பாருங்க."

சத்தமே இல்லாமத்தான் சொன்னா.

எப்பிடிங்க பாக்கறது? அந்த ரூம்ல ஒரு காலண்டர் மாட்டியிருந்துச்சு, எரு கடைக் காலண்டர். நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். "மூடு"ன்னேன். "நீங்க பாத்ததுக்கப்பறம் மூடறேனுங்க"ங்கறா. தம்பி பொண்டாட்டி அழுகறா. இவ அழுகலை. நான் கதவைத் தொறந்துட்டு வந்துட்டேன். செருப்பு மாட்டறப்ப பின்னாலயே வந்தா, பித்தானெல்லாம் போட்டுக்கிட்டு. சேலைப் பையைக் கையில குடுத்தா. "பிரிச்சுத் தெச்சா வேற ஆருக்காச்சும் ஆகுமுங்க"ன்னா.

பாத்தீங்களா? மாராப்பு நழுவாதவ. எப்பிடி ஆயிட்டா பாத்தீங்களா? எல்லாம் அந்த ஸ்கேன்ல இருந்து வந்ததுங்க. அன்னிக்குப் படுத்தவ எந்திரிக்கறப்ப வேற பொம்பளையாத்தான் எந்திரிச்சா. கல்யாணத்துல நான் மேடையில ஒத்தையா நின்னு சீர் செஞ்சேன். எல்லாரும் பாத்தாங்க. அந்த அவமானத்தை ஆருகிட்டச் சொல்றது?

உங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமுங்களா? மொகம் ஒரு மாதிரி இருக்குது. வேண்டாமா. சரி.

இப்ப நான் எங்க போறேன்னு கேட்டீங்களே, அதைச் சொல்லலை பாருங்க. பிரதீபாவுக்குக் காங்கயம் பக்கத்துல ஒரு எடம் அமைஞ்சிருக்குது. தென்னந்தோப்பு, பையன் இஞ்சினியரு, கெடைக்காத சம்பந்தம். ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாங்க. காலைல அவகிட்டப் போன்ல சொன்னேன். "வரச் சொல்லாதீங்கப்பா. எனக்கும் ஒரு எடத்துல சின்னதாத் தட்டுப்படுது. அம்மாவுக்கு வந்ததுனால என்னையும் பாக்கச் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு ஸ்கேன். என்னன்னு தெரியாம நான் ஆரு முன்னாலயும் வந்து உக்கார மாட்டேன்"ங்கறா.

கல்யாணம் ஆகாத புள்ளைங்க. அந்த ஸ்கேன் சென்டர்ல காங்கயத்துக்காரங்க ஒருத்தர் கண்ணுல பட்டாலும் போதும், முடிஞ்சுது. தாயிக்கு இருந்துச்சு, மகளுக்கும் இருக்குதுன்னு பரப்பிருவாங்க. நான் தன்மையாத்தான் சொன்னேன், நிச்சயம் ஆகட்டும், பூ வெச்சதுக்கப்பறம் பொறுமையாப் பாத்துக்கலாம் அம்மிணின்னு. டாக்டர் ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டேன். "நான் அதைக் கேக்கலைப்பா"ங்கறா. எப்பிடிப் பேச்சு பாருங்க. சரி, நான் கெளம்பி வர்றேன்னேன். அதுக்குச் சொல்றா, "பேரு பதியறப்பக் கேட்டாங்க, கூட ஆரு வர்றாங்கன்னு. அம்மாவுக்கு ஒடம்பு முடியாது. வேற ஆரும் இல்லைன்னு சொல்லிட்டேன்"ங்கறா.

பெத்த அப்பன் இருக்கறப்ப ஆரும் இல்லைன்னு சொல்லலாமுங்களா?

ஸ்கேன் சென்டர் சிங்காநல்லூர்லதானாம், அதான் கோயமுத்தூர் பஸ் ஏறிட்டேன். உள்ள கூப்பிடறதுக்கு முன்னால போயிச் சேர்ந்துட்டாப் போதும். கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தறலாம். அழுவா, அழுதுட்டுப் போகட்டும். அப்பறம் சரியாயிரும்.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? உங்க ஸ்டாப்பு இன்னும் வரலீங்களே. அம்மிணி பக்கத்துல நிக்கப் போறீங்களா? நின்னுட்டே போகோணும், எடம் இருக்காது. சரி, போறதுக்கு முன்னால ஒன்னு கேட்டுக்கிட்டுப் போங்க. வயசுல பெரியவன் சொல்றேன். சிங்காநல்லூர் வந்துருச்சு, நான் எறங்கோணும். கட்டி கிட்டிங்கறதெல்லாம் பாத்தாத்தானுங்க தம்பி இருக்கும். பாக்காட்டி ஒன்னுமில்லை.